பாத்திரம் அறிந்து வேடமிடு

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது முன்னோர் மொழி. கொடுப்பவன் தன் கையில் உள்ளதை மட்டும் பார்த்தால் போதாது. கொள்பவனின் தகுதியையும் நோக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 'பாத்திரம்' என்னும் இச்சொல் ஏனத்தைக் குறிக்கும். தகுதி உடையவரைக் குறிக்கும். நாடகத்தில் வரும் கதைமாந்தரையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் ஒன்றுகூடும் இடம் ஒன்று உண்டு. அதுவே ஆடலரங்கம். கதைமாந்தராகிய பாத்திரத்தைத் தகுதி உடைய பாத்திரத்திடம் ஒப்படைத்தால், சுவை என்னும் அமுது சிந்தாமல் நிற்கும். தவறினால் ஓட்டை ஏனத்தில் ஊற்றிய பால்தான்.

நான் ஆடற்கலைஞன் அல்லன், தமிழாசிரியன். பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் அரங்குகளில் பின்வரிசையில் அமர்ந்து நாட்டிய நாடகங்களையும் அவ்வப்போது மேனாட்டுப் பாலே ஆடல்களையும் பார்த்து வரும் ரசிகன். நிகழ்ச்சி முடிந்து, தேக்காவுக்கு வந்து, சிராங்கூன் சாலைக் கடையொன்றில் தேநீர் அருந்தும்போது நண்பர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதுண்டு. "சீதைக்கு நகை நன்றாக அமைந்திருந்தது," என்பார் ஒருவர். "இராமன் யார் வீட்டுப் பிள்ளை?" என்பார் மற்றொருவர். "எல்லாரும் நன்றாகத்தான் செய்தார்கள்," என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். அந்தச் சீதை உண்மையில் சீதையாக இருந்தாளா, அந்த வேடம் அவருக்கு ஏன் தரப்பட்டது, வேறு யாருக்கேனும் தந்திருந்தால் நாடகம் எவ்வாறு மாறியிருக்கும் என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. இவ்வினாக்களை எழுப்புவது பண்பாடற்ற செயல் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது கலைக்குச் செய்யும் தொண்டே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தனியாடலில் எழாத வினா

வேடத்தை யாருக்குத் தருவது என்னும் சிக்கல் நம் ஆடல் மரபின் பெரும்பகுதியில் எழுந்ததே இல்லை. காரணம் எளிது. பரதநாட்டியம் நெடுங்காலம் தனியொருவர் ஆடலாகவே இருந்தது. ஒரே நங்கை தலைவியாகவும் தோழியாகவும், வாராத தலைவனாகவும் தோன்றுவாள். வேடம் மாறாது, முகம் மாறும்.

சிலப்பதிகாரம் இதற்குச் சிறந்த சான்று. அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டுப் பயிற்சி முடித்துப் பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். கடலாடு காதையிலோ பதினோராடல் நிகழ்த்துகிறாள். அவற்றுள் கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவபெருமான் ஆடியவை. அல்லியமும் மல்லும் குடமும் திருமால் ஆடியவை. துடியும் குடையும் முருகன் ஆடியவை. பேடு காமன் ஆடியது. மரக்கால் கொற்றவை ஆடியது. பாவை திருமகள் ஆடியது. கடையம் இந்திராணி ஆடியது. ஆண், பெண், பேடு என்னும் மூவகை வடிவையும் ஒரே நடிகை தாங்குகிறாள். இவளுக்கு இவ்வேடம் பொருந்துமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவள் கலையே அவளை எல்லா வேடத்துக்கும் பொருத்தமாக்கியது.

அதே காதையில் வரும் இன்னொருவனையும் நாம் மறத்தலாகாது. வான்வழி வந்த விஞ்சையன் ஒருவன் தன் காதலியுடன் அந்த ஆடலைக் காண்கிறான். ஒவ்வோர் ஆடலும் யாருடையது, எந்நிலையில் நிகழ்ந்தது என அவளுக்கு எடுத்துரைக்கிறான். வாளா கைதட்டிவிட்டுப் போகும் பார்வையாளன் அல்லன் அவன். கண்டதை அறிந்து பிறர்க்கும் விளக்குபவன். ரசிகன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இளங்கோவடிகள் காட்டும் இலக்கணம் அவன்.

பலர் கூடி ஆடும் நாடகங்களும் நம்மிடம் இருந்தன. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரின் பாகவத மேளாவில் ஆடவரே பெண் வேடமும் புனைவர். கேரளத்துக் கதகளியில் பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என்று மாந்தரின் இயல்புக்கேற்ப ஒப்பனை வகுக்கப்பட்டது. ஆயினும் பரதநாட்டியம் பலர் கூடி ஆடும் நாட்டிய நாடகமாக விரிந்தது அண்மைக் காலத்தில்தான். அந்த விரிவுக்கும் மேனாட்டுப் பாலேவுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

பாவ்லோவா முதல் சிங்கப்பூர் வரை

அன்னா பாவ்லோவா என்னும் உருசிய நடனமணி உலகெங்கும் சுற்றி ஆடியவர். 1922ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, இன்று குட்வுட் பார்க் ஓட்டலாக விளங்கும் கட்டடத்தில் ஆடினார். அவருடைய ஆடலில் ஈடுபட்டுப் பாலே கற்கத் தொடங்கியவர் ருக்மிணி தேவி. பாவ்லோவாவோ, உன் நாட்டு ஆடலை நீ தேடு என்று அவரைத் திருப்பிவிட்டார் என்பர். ருக்மிணி தேவி 1936ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1944ஆம் ஆண்டில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். 1955 முதல் 1970 வரை இராமாயணத்தை ஆறு நாடகங்களாக அமைத்தார். இராமன் ஒருவர், சீதை ஒருவர், அனுமன் ஒருவர் என்று வேடங்கள் பிரிந்தன. அந்நாள் முதல் 'யாருக்கு எது' என்னும் வினாவும் பிறந்தது.

அவ்வழி வந்தவரே கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்திரத்தில் பயின்ற திருமதி நீலா சத்தியலிங்கம். கணவர் சத்தியலிங்கத்துடன் சிங்கப்பூரில் குடியேறி, 1977ஆம் ஆண்டில் அப்சராஸ் ஆர்ட்ஸ் என்னும் குழுவை நிறுவினார். 1989ஆம் ஆண்டில் கலாசாரப் பதக்கம் பெற்றார். 2017ஆம் ஆண்டில் மறைந்தார். அதே ஆண்டில் அக்குழு கலாக்ஷேத்திரத்துடன் கூடி, அனுமனின் நோக்கில் இராமகாதையைச் சொல்லும் 'ஆஞ்சநேயம்' நாடகத்தைப் படைத்தது.

இவர்க்கு முன்பே இங்கு வேரூன்றிய மற்றொரு மரபும் உண்டு. கேரளத்தவரான கே. பி. பாஸ்கர் 1952ஆம் ஆண்டில் இங்கே நடனப்பள்ளி தொடங்கினார். அவரை மணந்து 1955ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த சாந்தா பாஸ்கர், 1990ஆம் ஆண்டில் கலாசாரப் பதக்கமும் பெற்று, 2022ஆம் ஆண்டில் மறையும்வரை ஆடல் அமைப்பதை விட்டாரில்லை. 1949ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தையும் இவற்றுடன் சேர்த்து எண்ணுக. சிறிய தீவில் நம் ஆடலுக்கு இத்தனை வலுவான நிலைக்களங்கள் அமைந்தது பெரும்பேறு. பாலேவுக்கும் இங்கு ஒரு குழு உண்டு. 1988ஆம் ஆண்டில் சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டர் எனத் தோன்றி, 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பாலே எனப் பெயர் மாற்றம் பெற்றது அது.

மேனாட்டார் வேடம் தரும் முறை

பாலேக் குழுக்களில் ஆடுநர்க்குப் படிநிலை உண்டு. குழுவாக ஆடுவோர் அடித்தளம். சிறு தனியாடல் ஆடுவோர் நடுநிலை. தலைமை ஆடுநர் மேல்நிலை. ஒரு நாடகம் பல இரவுகள் நடைபெறுவதால், ஒரே வேடத்தை மூவர் நால்வர் முறைவைத்து ஆடுவர். எந்த இரவில் யார் என்பதை முன்னரே அறிவித்துவிடுவர். ரசிகர் அந்தப் பட்டியலைப் பார்த்தே நுழைவுச்சீட்டு வாங்குவர். ஒரே நாடகத்தை இருமுறை பார்த்து, முந்தையவர் கண்ட பொருள் வேறு, பிந்தையவர் கண்ட பொருள் வேறு என ஒப்பிடுவர். இந்த ஒப்பீடே அவர்களிடையே திறனாய்வை வளர்த்தது.

'அன்ன ஏரி' என்னும் பாலே 1877ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அரங்கேறியது. இன்று உலகம் பெரிதும் பின்பற்றுவது 1895ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அமைத்த வடிவை. இதில் மாயத்தால் அன்னமான ஒடெட் என்னும் நங்கையும், அவளைப் போலவே தோன்றி இளவரசனை ஏமாற்றும் ஒடீல் என்பவளும் வருகின்றனர். இருவரையும் ஒருவரே ஆடுவது வழக்கு. 1895இல் ஆடிய பியரீனா லெக்னானி ஒடீலாக ஒற்றைக் காலில் 32 முறை சுழன்றது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் சுழற்சியை மட்டும் எண்ணுபவன் நல்ல ரசிகன் அல்லன். ஒடெட்டின் நெகிழ்ச்சியும் ஒடீலின் வஞ்சமும் ஒரே உடலில் விளங்க வேண்டும். சுழல வல்லவள் நெகிழ அறியாள். நெகிழ்பவள் சுழலத் தடுமாறுவாள். இரண்டும் ஒருங்கே வாய்த்தவர் அரியர். ஆகவேதான் அவ்வேடம் யாருக்கு என்பது பெரும்பேச்சாகிறது.

ஜூலியட் யார்?

மேனாட்டிலும் எல்லாம் நேர்மையாகவே நடந்தன என்று எண்ணிவிடலாகாது. ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

1965ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் ராயல் பாலே, ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' கதையைப் புதிதாக அரங்கேற்றியது. ஆடலை அமைத்தவர் கென்னத் மக்மில்லன். அவர் அதனை லின் சீமூர், கிறிஸ்டோபர் கேபிள் என்னும் இளைஞர் இருவரை மனத்தில் கொண்டு, அவர்கள் உடலின் மீதே வடித்திருந்தார். ஜூலியட் பதினான்கு வயதும் நிரம்பாத பெண். அவளுடைய பிடிவாதம், அச்சம், துணிவு எல்லாம் சீமூரின் அசைவுகளிலிருந்தே பிறந்தன. ஆனால் முதல் நாள் மேடையில் தோன்றியவர்கள் அவர்கள் அல்லர். 45 வயது மார்கோ பான்டெய்னும் 26 வயது ருடால்ப் நூரியெவும் தோன்றினர். அவ்விருவர் பெயரும் உலகப் புகழ் பெற்றிருந்தது. அமெரிக்கப் பயணத்துக்கும் சீட்டு விற்பனைக்கும் அப்பெயர்களே வேண்டியிருந்தன. சீமூருக்குப் பின்னொரு நாளே வாய்ப்புக் கிடைத்தது.

முதல் நாள் ஆட்டம் தோல்வியா? இல்லை. மக்கள் மீண்டும் மீண்டும் அவர்களைத் திரைமுன் அழைத்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆரவாரித்தனர். பான்டெய்ன் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. மூன்றாண்டுக்கு முன் 'ஜிசெல்' பாலேயில், 42ஆம் வயதில், 23 வயது நூரியெவுடன் அவர் முதன்முறை இணைந்தபோது, வயது வேறுபாட்டைக் கலை வென்றுவிடும் என்பதை உலகம் கண்டது. ஆகவே 'வயது பொருந்தவில்லை' என்பதன்று நம் வழக்கு. யார் உடலில், யார் உழைப்பில் ஒரு பாத்திரம் உருவாயிற்றோ, அவரிடமிருந்து அதனை எடுத்துப் புகழின் பொருட்டு மற்றொருவர்க்குத் தந்தது அறமா என்பதே வழக்கு. ஆரவாரம் அதற்கு விடையாகாது. பாலே வரலாற்றை எழுதுவோர் இன்றும் இந்த வேடப் பங்கீட்டைப் பற்றி வாதிடுகின்றனர். அரை நூற்றாண்டு கடந்தும் ஒரு வேடத்தின் நியாயத்தைப் பேசும் ரசிகர்கள் வாய்த்திருப்பது அந்தக் கலைக்கு வலிமையன்றோ?

நிறமும் இனமும் தகுதி ஆகுமா?

வேடப் பொருத்தம் என்றவுடன் உயரம், நிறம், முக அழகு ஆகியவற்றையே பலர் நினைக்கின்றனர். இது பெரும்பிழை. அமெரிக்கன் பாலே தியேட்டரில் மிஸ்டி கோப்லண்ட் என்னும் கறுப்பின நங்கை 2015ஆம் ஆண்டில் தலைமை ஆடுநராக உயர்ந்தார். அக்குழுவின் வரலாற்றில் அந்நிலை எய்திய முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. வெள்ளை அன்னத்தின் உடலும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எத்தனை பேரைத் தடுத்திருக்கும்!

நம் பகுதியில் இதற்கு மாறான நல்ல சான்றுகள் உள. மலேசியாவின் ரம்லி இப்ராஹிம் மலாய்க்காரர், பாலே பயின்றவர், பின்னர் ஒடிசியில் தேர்ந்து அதன் பெருங்கலைஞருள் ஒருவரானார். சிங்கப்பூரிலோ 1958ஆம் ஆண்டிலேயே சாந்தா பாஸ்கர் சீனரின் 'வண்ணத்துப்பூச்சிக் காதலர்' கதையை இந்திய ஆடலாக்கினார். கல்வி வேண்டி ஆணுடை புனையும் சு யிங்தாய் என்னும் பெண்ணே அக்கதையின் தலைவி. சீனப் பெண் ஒருத்தி ஆணாக நடிப்பதை இந்திய முத்திரைகள் பேசின. கதைமாந்தரின் உள்ளத்தை ஆடுநர் எட்டினால் போதும், பிறப்பு தடையாகாது என்பதை இந்நகரம் அப்போதே கண்டுவிட்டது. நமக்கோ, கண்ணனைக் கரியவன் என்று பாடிக்கொண்டே, ராதை வேடத்துக்குச் சிவந்த மேனியைத் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு பொருத்தம் காண்பது? தொல்காப்பியர் வழி காட்டுகிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டு என்பார் அவர். உள்ளத்தில் எழுவது உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. ஒரு பாத்திரத்தில் எந்த மெய்ப்பாடு முதன்மையானது, எது எதனுள் மறைந்து நிற்கிறது என்று முதலில் ஆராய வேண்டும். வழக்குரை காதைக் கண்ணகிக்கு அழுகையும் உண்டு, வெகுளியும் உண்டு. இரண்டையும் தாங்கி நிற்பது பெருமிதம். அழ மட்டும் தெரிந்தவரும் சீற மட்டும் தெரிந்தவரும் அவ்வேடத்துக்குப் போதார். இவ்வாராய்ச்சிக்குப் பின்னரே ஆளைத் தேட வேண்டும். நாமோ ஆளை முன்னரே முடிவு செய்துவிட்டுப் பாத்திரத்தை அவருக்கு வளைக்கிறோம்.

என் பிழை

பிறரைக் குறை கூறிவிட்டு என்னை மறைத்தல் முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் தமிழ் விழாவுக்காக வழக்குரை காதையை நாடகமாக்கினேன். கண்ணகி வேடத்துக்கு இரு மாணவியர் முன்வந்தனர். ஒருத்தி உயரமானவள், பார்க்க அழகானவள், நடனம் கற்றவள். பெற்றோர் விழாவுக்கு வேண்டியன எல்லாம் உவந்து செய்தவர்கள். மற்றவள் கரிய மேனியள், மெலிந்த குரலினள், வகுப்பில் அதிகம் பேசாதவள். நான் முன்னவளைத் தேர்ந்தேன். பின்னவள் முகம் வாடக் கண்டு, வாயிற்காவலன் வேடத்தைத் தந்தேன். சில அடிகளே உடைய சிறு வேடம், ஆறுதலுக்காகக் கொடுத்தது.

விழா நாளன்று காவலன் ஓடி வந்தான். வாயிலில் நிற்பவள் கொற்றவையோ காளியோ என அஞ்சி, அல்லள், கையில் சிலம்பு ஏந்திய கணவனை இழந்தவள் என மன்னனிடம் அவன் அறிவிக்க வேண்டும். அந்தச் சிறுமி அதைச் சொல்லியபோது அவள் கை நடுங்கியது. அந்த மெலிந்த குரல் உடைந்தது. அரங்கில் இருந்த அத்தனை பேரும் வாயில் பக்கம் திரும்பினர். இன்னும் வராத கண்ணகியை அவர்கள் அக்குரலிலேயே கண்டுவிட்டனர்.

பிறகு என் கண்ணகி வந்தாள். கழுத்து நிறையப் பொன் நகை. வாரி முடித்த கூந்தலில் மல்லிகை. தாயார் அன்போடு அணிவித்தவை, நான் தடுக்கவில்லை. உள்ளதெல்லாம் இழந்து, தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்போடு வர வேண்டியவள் மணமகளாக வந்து நின்றாள். பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தாள். கைதட்டும் கிடைத்தது. அவள்மீது குற்றம் இல்லை. ஆடை அணிவித்த தாயார்மீதும் இல்லை. சிலப்பதிகாரத்தைப் பல்லாண்டு கற்பித்தும், கண்ணகி யார் என்பதைத் தேர்வு நாளில் மறந்துபோன ஆசிரியன் நானே. காவலன் வேடமிட்ட சிறுமி திரைக்குப் பின்னால் நின்று நாடகத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் கூறவில்லை. கூறியிருக்க வேண்டும்.

செய்யத் தகுவன

நம் குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் உள்ள இடர்ப்பாடுகளை நான் அறிவேன். பாலேக் குழுக்களில் ஆடுவோர் பலர்க்கு அதுவே முழுநேரத் தொழில். இங்கு நம்மவரில் பெரும்பாலோர் பகலில் படிப்பும் பணியும் முடித்து இரவில் பயிற்சிக்கு வருவோர். பல்லாண்டு உடன் உழைத்த மூத்த மாணவிக்கு ஒரு தலைமை வேடம் தர வேண்டும் என்று குரு எண்ணுவது நன்றியுணர்வே. எல்லாப் பிள்ளைக்கும் மேடை கிடைக்க வேண்டும் என்று பள்ளி எண்ணுவதும் நியாயமே. இவற்றைப் புறந்தள்ளுவது எளிது; ஆனால் நேர்மையன்று.

ஆயினும் வழி இல்லாமல் இல்லை. நாடகம் இரு நாள் நடந்தால் இரு கண்ணகியர் ஆடலாம். ஒரு நாளே எனினும் பயிற்சியின்போது இருவரையும் ஆடச் செய்து பார்க்கலாம். தேர்வுக்கு முன், அப்பாத்திரத்துக்கு வேண்டுவது யாது என்பதை எல்லார்க்கும் சொல்லிவிடலாம். அப்போது வேடம் கிடைக்காதவரும் காரணம் அறிவர். சிறு வேடத்தை ஆறுதல் பரிசாகக் கருதும் எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். காவலன் நடுங்கினால் அன்றோ கண்ணகி வருவாள்!

ரசிகர் கடமையும் ஒன்று உண்டு. 'எல்லாரும் நன்றாகச் செய்தார்கள்' என்னும் பாராட்டு, உண்மையில் நன்றாகச் செய்தவருக்கு இழைக்கும் அநீதி. அவருடைய உழைப்பைப் பிறருடைய முயற்சியோடு ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். யார், எந்த இடத்தில், எதனால் நம் நெஞ்சைத் தொட்டார் என்று பெயர் குறித்துச் சொல்வோம். பொருந்தாததைச் சுட்டும்போது ஆளைப் பழியாமல் காரணத்தைக் கூறுவோம். வளரும் சிறார் எனின் அதனை ஆசிரியரிடமே கூறுவோம். ஏனெனில் வேடத்தைத் தேர்ந்தவர் சிறாரல்லர்.

அடுத்த முறை எஸ்பிளனேடு அரங்கிலோ, நம் பள்ளி மண்டபத்திலோ திரை விலகும்போது, புகார் நகரில் தன் காதலிக்கு ஆடலை விளக்கிய அந்த விஞ்சையனை நினைத்துக் கொள்வோம். அவனைப் போல் அறிந்து பார்ப்போம். ஒளிவிளக்கின் நடுவே நிற்பவரை மட்டும் அன்றி, ஓரத்தில் நிற்கும் வாயிற்காவலனையும் பார்ப்போம். நாம் தேடிய கண்ணகி சில வேளைகளில் அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடும்.